மாசியில் வாங்கிய சீருடைத் துணி

தம்பி,

தையல் மெஷினை இன்னும் அனுப்பவில்லை. போன வாரம் நீ போனில் கேட்டபோது "சரிப்பா, நாளைக்கே பார்சல்ல போட்டுடுறேன்" என்று சொன்னவன் நான்தான். பார்சல் ஆபீஸ் மூடியிருந்தது என்றோ, எனக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது என்றோ உன்னிடம் சொல்லிவிடலாம். இரண்டும் நடக்கவில்லை. பூதலூர் தாலுகாவில் செய்தியாளனாக வேலை பார்த்தே தலை நரைத்தவன், கடைசியில் சொந்த வீட்டுச் செய்தியில் பொய் எழுத வேண்டாம் என்று பார்க்கிறேன். மெஷின் கூடத்தில்தான் நிற்கிறது. ஏன் நிற்கிறது என்று சொல்வதற்குத்தான் இந்தக் கடிதம்.

போனிலேயே சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். உங்கள் வீட்டு போன் எப்போதும் ஸ்பீக்கரில் இருக்கிறது. நான் பேசுவதை நீ கேட்கிறாய், மருமகள் கேட்கிறாள், உன் அம்மா அடுப்படியிலிருந்து கேட்கிறாள். நடுவில் பாப்பா வந்து "தாத்தா, நீ என்ன கலர் சட்டை போட்டிருக்க?" என்கிறாள். கலரைச் சொல்லி முடிப்பதற்குள் நான் சொல்ல வந்தது எங்கேயோ போய்விடுகிறது. உன் அம்மா தூரத்திலிருந்தே "சாப்ட்டீங்களா? மாத்திர போட்டீங்களா?" என்பாள். சாப்பிட்டேன், போட்டேன் என்பேன். அதோடு முடிந்தது. நம் பக்கத்தில் வரும் சின்ன மாத இதழ் ஒன்றில் என்னை ஏதாவது எழுதச் சொல்லிக்கொண்டே இருக்கிறார்கள். இதன் ஒரு நகலை அவர்களுக்கும் கொடுக்கப்போகிறேன். உன்னைச் சந்திக்கு இழுக்க வேண்டும் என்று இல்லை. நம் தெருவில் என்னைப் போல ஒற்றை ஆளாகச் சோறு வடிப்பவர்கள் இன்னும் சிலர் இருக்கிறார்கள். அவர்களும் போனில் "சரிப்பா" என்று சொல்லிவிட்டு வைப்பவர்கள்தான்.

பாப்பாவின் சீருடைப் பெட்டி வந்த அன்று நீங்கள் எல்லோரும் வீடியோவில் கூப்பிட்டீர்கள். மருமகள் ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினாள். தினசரிக்கு ஒரு ஜோடி, புதன்கிழமைக்கு வெள்ளை, விளையாட்டு வகுப்புக்கு மஞ்சள் டி-ஷர்ட், அதற்குத் தனி ஷூ, தனி சாக்ஸ், எல்லாவற்றுக்கும் மேலே போட ஒரு கோட்டு. எல்லாவற்றிலும் பள்ளியின் முத்திரை. வெளியில் எங்கும் வாங்க முடியாது, அவர்கள் சொல்லும் செயலியில்தான் வாங்க வேண்டும் என்றாள். மொத்தத் தொகையையும் நீ சொன்னாய். உன் அம்மா அந்தக் கோட்டைப் பிடித்துக்கொண்டு கேமராவுக்கு முன்னால் வந்தாள். "ஏங்க, இதப் பாருங்க. மெட்ராஸ் வெயில்ல எல்கேஜி புள்ளைக்குக் கோட்டாம். கலெக்டர் மாதிரி நிக்கிறா." மருமகள், "அத்தை, அது ஆண்டு விழாவுக்கு மட்டும்தான்" என்றாள். "ஏன், விழா அன்னிக்கு வெயில் அடிக்காதா?" என்று உன் அம்மா கேட்டதும் பாப்பா சிரித்த சிரிப்பு இங்கே இந்தக் கூடம் முழுக்கக் கேட்டது. போனை வைத்த பிறகு கூடம் மறுபடி கூடமாகிவிட்டது.

அன்று இன்னொன்றும் நடந்தது. மருமகள், "அடுத்த வருஷத்து சைஸையும் இப்பவே சேத்து வாங்கிட்டா கொஞ்சம் தள்ளுபடி இருக்கு மாமா, வாங்கிடலாம்னு பாக்குறேன்" என்றாள். உன் அம்மா உள்ளேயிருந்து, "வேண்டாம்மா! அந்தத் தப்ப மட்டும் பண்ணாத!" என்று கத்தினாள். நீ சிரித்தாய். நானும் சிரித்தேன். மருமகளுக்கு ஏன் என்று புரியவில்லை. நீ அவளுக்குச் சொன்னாயோ இல்லையோ, நான் சொல்லிவிடுகிறேன். உனக்கும் அந்த வயதில் பாதிதான் தெரியும்.

டெல்டாவில் பள்ளிக்கூடத்துக் காலண்டரும் வயல் காலண்டரும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்வதே இல்லை. சம்பா அறுத்து, நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் போட்டு, காத்துக் கிடந்து, பணம் கைக்கு வரும்போது மாசி ஆகிவிடும். வருடத்தில் அந்த ஒரு மாதம்தான் நம் வீடுகளில் பணம் புழங்கும். பள்ளிக்கூடமோ ஜூனில் திறக்கும். அப்போது குறுவைக்கு விதை வாங்க வேண்டும், டிராக்டருக்குக் கொடுக்க வேண்டும், வாய்க்காலில் தண்ணீர் வருமா வராதா என்று பார்த்துக்கொண்டு நிற்க வேண்டும். கையில் ஒன்றும் இருக்காது. அந்த நேரம் பார்த்து ஃபீஸ், வேன், நோட்டு, சீருடை எல்லாம் சேர்ந்து வரும். அந்த மாதத்தில் தஞ்சாவூர் நகைக் கடைத் தெருவுக்குப் போனால் நம் ஊர்க்காரர்கள் எல்லோரையும் பார்க்கலாம், ஆனால் ஒருவரும் நகை வாங்க வந்திருக்கமாட்டார்கள். நம் குடும்பத்தில் என் அப்பா காலம் வரை எல்லோரும் அடுத்தவர் வயலில் நட்டு அறுத்தவர்கள். நம் கைக்கு வந்த சிறு நிலத்தையும், என் செய்தி அச்சான நீளத்தை அளந்து பத்திரிகை கொடுத்த பணத்தையும் வைத்துத்தான் உன்னை மெட்ரிக் பள்ளியில் சேர்த்தோம். ஜூன் மாதம் எங்களுக்கு எப்போதும் பயம்.

நீ ஐந்தாவது படித்த வருடம் உன் அம்மாவுக்கு ஒரு யோசனை வந்தது. பணம் இருக்கும்போதே சீருடைத் துணியை வாங்கி வைத்துவிட்டால் ஜூனில் ஒரு பாரம் குறையும் அல்லவா? மாசியில் நெல் பணம் வந்ததும் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே இருக்கும் கடைக்குப் போனாள். நீலக் கட்டம் போட்ட சட்டைத் துணி, கருநீலக் கால்சட்டைத் துணி. தைத்த சட்டை வாங்கினால் நீ வளர்ந்துவிடுவாய் என்று துணியாகவே வாங்கினாள், ஆறாம் வகுப்புக்கும் ஏழாம் வகுப்புக்கும் சேர்த்து. கடையில் இருந்தவர் முகம் நிறையச் சிரிப்போடு அளந்து கொடுத்தாராம். "நல்ல யோசனைம்மா. இன்னும் ஒரு அரை மீட்டர் கூட எடுத்துக்குங்க, தம்பி சட்டுனு வளந்துடும்" என்றாராம். உன் அம்மா வந்து தெருவில் சொன்னாள். நல்ல யோசனைதானே? வேன் நிற்கும் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் போய் வாங்கினார்கள். எதிர்வீட்டு மல்லிகா தன் இரண்டு பெண்களுக்கும் சேர்த்து வாங்கினாள். மற்ற ஊர்களில் இப்படி ஒரு தப்பு நடந்திருக்காது. சம்பளக்காரர்கள் மாசியில் ஜூனைப் பற்றி நினைக்கமாட்டார்கள்.

ஏப்ரலில் கடைசிப் பரீட்சை அன்று உன் பையில் ஒரு சுற்றறிக்கை வந்தது. வரும் கல்வியாண்டு முதல் சீருடை மாறுகிறது. சந்தன நிறச் சட்டை, அதில் மெரூன் கோடு. ஒரு மாதம் வரை பழையதைப் போடலாம், பிறகு அபராதம்.

உன் அம்மா அதைப் படித்துவிட்டுத் துணிக் கட்டைப் பிரித்துப் பார்த்தாள். கட்டத்தில் ஏதாவது மெரூன் இருக்கிறதா என்று தேடியது போல இருந்தது. நான் பேனாவைச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு பள்ளிக்குப் போனேன். தாளாளர் எழுந்து நின்று வரவேற்றார், காபி வரவழைத்தார். "சார், நீங்க பேப்பர்காரரு, உங்களுக்குத் தெரியாததா? ஒரு பள்ளிக்கூடம்னா காலத்துக்கு ஏத்த மாதிரி ஒரு லுக்கு வேண்டாமா?" என்றார். கடைக்காரருக்கு மாசியிலேயே தெரியுமா என்று கேட்டேன். காபி ஆறிவிடும் என்றார். வாசல் வரை கூட வந்து, குரலைத் தணித்து, "உங்க பையனுக்குப் புது செட்டு ஒண்ணு நம்ம சார்பா குடுத்துடலாம் சார். மத்தவங்ககிட்ட சொல்லிக்க வேண்டாம்" என்றார். நான் ஒப்புக்கொள்ளவும் இல்லை, மறுக்கவும் இல்லை. வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் சொன்னேன். அவள் கொதித்து எழுவாள் என்று நினைத்தேன். "ஒரு செட்டா? ரெண்டு செட்டு கேக்க வேண்டியதுதானே? ஒண்ணத் தொவச்சுப் போட்டா புள்ள எத உடுத்திக்கிட்டுப் போவான்?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. இரண்டாவது செட்டைப் போய்க் கேட்க எனக்கு வாய் வராது, அதனால் முதல் செட்டையும் வாங்கவில்லை. இதைக் கொள்கை என்று யாராவது சொன்னால் நம்பாதே. செய்தியாக எழுதி அனுப்பினேன். "தனியார் பள்ளி ஒன்றில் சீருடை மாற்றம்: பெற்றோர் அவதி" என்று உள்பக்கத்தில், மாட்டுச் சந்தை நிலவரத்துக்குக் கீழே நாலு வரியாக வந்தது. அவர்கள் பள்ளியில் அதைப் படித்தார்களா என்றுகூட எனக்குத் தெரியாது.

அப்போதுதான் உன் அம்மா தையல் மெஷின் வேண்டும் என்றாள். கல்யாணத்துக்கு முன்னால் கொஞ்சம் தைக்கக் கற்றிருந்தாள். தஞ்சாவூரில் பழைய மெஷின் ஒன்று கிடைத்தது. மிதிக்கும் மெஷின், மரப் பலகையில் ஒரு மூலை உடைந்திருந்தது. பாசஞ்சர் ரயிலில் ஏற்றிக்கொண்டு வந்தோம். ஞாபகம் இருக்கிறதா? இடம் இல்லாமல் நீ அதன் மேல் உட்கார்ந்து, கால் எட்டாவிட்டாலும் எட்டி எட்டி மிதித்துக்கொண்டு வந்தாய். எதிரே வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த பெரியவர், "அப்படித்தான் தம்பி, நல்லா மிதி. ரயிலு இன்னும் கொஞ்சம் வெரசாப் போவட்டும்" என்றார். நீ பூதலூர் வரும் வரை மிதிப்பதை நிறுத்தவில்லை.

அந்தக் கோடை முழுக்க உன் அம்மா தைத்தாள். தெருவில் எல்லா வீட்டிலும் நீலக் கட்டத் துணி கிடந்தது, எல்லோருக்கும் அதை ஏதாவது ஒன்றாக ஆக்க வேண்டியிருந்தது. ஜன்னல் திரை, தலையணை உறை, பெண் பிள்ளைகளுக்குப் பாவாடைக்கு உள்ளே போடும் உள்பாவாடை, ரேஷன் பை, டிவிக்கு உறை, மிக்ஸிக்கு உறை. ஜூன் மாதம் நம் தெருவில் நடந்தால் பள்ளிக்கூடமே இங்கே குடிவந்துவிட்டது போல இருந்தது. அவர்கள் கொடுத்த தையல் கூலியில்தான் உன் சந்தன நிறச் சட்டை வந்தது. பழைய சீருடையை வெட்டித்தான் புதுச் சீருடை வாங்கினோம். மல்லிகா அப்போது வீடு கட்டிக்கொண்டிருந்தாள். கண்பட்டுவிடக் கூடாது என்று மாடியில் கட்டும் வைக்கோல் பொம்மைக்கு உன் அம்மாவிடம் கேட்டு நீலக் கட்டத்தில் ஒரு முழுச் சட்டை தைத்து வாங்கி மாட்டினாள். தன் பெண்ணின் பழைய டையையும் கழுத்தில் கட்டி, பள்ளி பெல்ட்டையும் போட்டுவிட்டாள். நீ வேனிலிருந்து அதைப் பார்த்துவிட்டு வந்து சோறு வேண்டாம் என்று படுத்துக்கொண்டாய். வேனில் பையன்கள், "டேய், உங்க தெருவுல ஒருத்தனுக்கு அட்மிஷன் போட்டுட்டாங்கடா" என்று கேலி செய்தார்களாம். மல்லிகா சமாதானம் சொல்ல வந்தாள். "கோவிச்சுக்காத தம்பி. பழைய யூனிபார்ம்ல தைரியமா நிக்கிறவன் இவன் ஒருத்தன்தான். இவனுக்கு அபராதம் போட முடியுமா, சொல்லு" என்றாள். நீ போர்வைக்குள்ளேயே சிரித்தது எங்கள் எல்லோருக்கும் தெரிந்தது.

அந்தத் திரைகள் இன்னும் நம் வீட்டு ஜன்னலில்தான் தொங்குகின்றன. வெயில் பட்டு வெளுத்துச் சாம்பல் நிறமாகிவிட்டன. மடிப்பை விரித்துப் பார்த்தால் உள்ளே மட்டும் நீலம் இருக்கிறது. இங்கே தனியாக இருப்பவனுக்கு இப்படிப்பட்டதையெல்லாம் விரித்துப் பார்க்க நேரம் கிடைக்கிறது.

மருமகளுக்கு உன் அம்மா ஏன் கத்தினாள் என்று இப்போது புரியும். ஆனால் உன் அம்மாவும் நானும் சேர்ந்து அதே தப்பை இன்னொரு விதமாகச் செய்தோம். அதைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதில்லை. தரங்கம்பாடியில் கடல் அரிப்பு, மீனவர் போராட்டம் என்று செய்திக்கு ஆள் போதாதபோது என்னையும் அனுப்புவார்கள். கோட்டைக்கு முன்னால் மணலில் உட்கார்ந்து செய்தி எழுதியிருக்கிறேன். வந்து உன் அம்மாவிடம் சொல்வேன், அவளையும் ஒருநாள் அங்கே கூட்டிப்போகிறேன் என்று. இங்கிருந்து ஒரு பகல் பயணம்தான். உன் படிப்பு முடியட்டும் என்பாள். பிறகு உன் வேலை, உன் கல்யாணம், நான் ஓய்வு பெறுவது என்று தள்ளிக்கொண்டே போனோம். நல்ல நாட்களைப் பின்னால் உடுத்துவதற்காக மடித்து வைத்தோம். எடுத்துப் பிரிக்கும் நேரத்தில் காலம் வேறு நிறத்துக்கு மாறியிருந்தது.

பாப்பா பிறந்தபோது உன் அம்மா மூன்று மாதம் என்று சொல்லித்தான் சென்னைக்கு ரயில் ஏறினாள். மருமகளுக்கு விடுப்பு முடிந்ததும், குழந்தை தவழும் வரை என்று ஆயிற்று. பிறகு நடக்கும் வரை, பிறகு பேசும் வரை. நான் ஒருபோதும் வேண்டாம் என்று சொன்னதில்லை. பேத்தியை யாரோ ஒருவர் கையில் விட்டுவிட்டு வா என்று எந்த வாயால் சொல்வது? நான் மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொண்டேன். பாப்பா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்தால் உன் அம்மா திரும்பி வந்துவிடுவாள். தெருவில் காலையில் வேன்கள் வரும்போது, எந்த நிறம் எந்தப் பள்ளி என்று பார்த்துக்கொண்டே வாசலில் நிற்பேன். இப்போது நம் ஊருக்குள் பல பள்ளிகளின் வேன்கள் வருகின்றன. குழந்தைகளை ஏற்றிக்கொண்டு போனதும் தெரு அப்படியே அடங்கிவிடும். மாலையில் அவை திரும்பும் வரை நாய் குரைத்தால்தான் சத்தம். அந்த நேரத்தில், நம் பாப்பாவும் ஒருநாள் ஒரு நிறத்தை உடுத்திக்கொண்டு கிளம்புவாள், அன்றைக்கு இந்த வீட்டில் மறுபடி இரண்டு பேருக்கு உலை வைக்கலாம் என்று நினைத்துக்கொள்வேன்.

சீருடைப் பெட்டி வந்த அன்று நான் சந்தோஷமாக இருந்ததற்கு அதுதான் காரணம். நீ அடுத்ததாகச் சொன்னாய்: எல்கேஜி மதியமே விட்டுவிடும். ஃபீஸ், வேன், இந்தப் பெட்டி எல்லாவற்றையும் பார்த்தால் மருமகள் வேலையை விட முடியாது, ஷிப்டையும் குறைக்க முடியாது. "அதனால அம்மா இன்னும் ரெண்டு மூணு வருஷம் இங்க இருந்தாத்தாம்பா சமாளிக்க முடியும்" என்றாய். நீ சொன்னதில் தப்பு எதுவும் இல்லை. உன் நிலைமையில் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன். ஆனால் நான் காத்துக்கொண்டிருந்த பள்ளிக்கூடமே உன் அம்மாவை அங்கே கட்டிப்போட்டுவிட்டது. தனியார் பள்ளிச் சீருடையின் விலை பற்றி நான் எத்தனையோ பெற்றோரிடம் கேட்டு எழுதியிருக்கிறேன். துணிக்கு இவ்வளவு, தையலுக்கு இவ்வளவு, ஷூவுக்கு இவ்வளவு என்று சொல்வார்கள். அந்தச் சீருடைக்காக வீட்டில் யார் எங்கே போய் இருக்கிறார்கள், யார் தனியாக இருக்கிறார்கள் என்று நான் ஒருவரிடமும் கேட்டதில்லை. கேட்கத் தோன்றவில்லை.

நீங்களும் வந்துவிடுங்கள் என்று நீ பலமுறை சொல்லியிருக்கிறாய். வந்து இருந்தும் பார்த்தேன். குறை சொல்லவில்லை. எல்லோரும் என்னை நன்றாகப் பார்த்துக்கொண்டீர்கள். காலையில் நீங்கள் எல்லோரும் ஓடும்போது குறுக்கே நிற்காமல் இருப்பதுதான் அங்கே எனக்கு இருந்த ஒரே வேலை. அதைச் சரியாகச் செய்வதற்கு எந்த மூலையில் நிற்பது என்று கடைசிவரை எனக்குத் தெரியவில்லை. இங்கே தண்ணீர் வந்தால் வாய்க்கால் மடையையாவது போய்ப் பார்ப்பேன்.

உன் அம்மாவுக்கு அங்கே அப்படி இல்லை. அதையும் நான் மறைக்கக் கூடாது. பெட்டியில் வரும் சீருடைகள் எல்லாம் பெரிதாக இருக்கின்றன, மடித்துத் தைக்க வேண்டியிருக்கிறது, வெளியில் கொடுத்தால் கொள்ளையாகக் கேட்கிறார்கள் என்றாய். பாப்பாவின் பாவாடையை உன் அம்மா கையாலேயே மடித்துத் தைத்ததைப் பார்த்துவிட்டு மேல்மாடிக்காரப் பெண் தன் பையனின் கால்சட்டையைக் கொண்டுவந்தாளாம். அவளைப் பார்த்து இன்னொருத்தி. இப்போது உங்கள் குடியிருப்பில் எல்லோரும் அவளைத் தேடி வருகிறார்கள். அவளிடம் பேசுகிறார்கள், காபி கொடுக்கிறார்கள், ஊர்க்கதை கேட்கிறார்கள். போனில் அவள் குரலே மாறியிருக்கிறது. நம் தெரு நீலக் கட்டமாக இருந்த அந்தக் கோடையில் இருந்த குரல் அது. அதைக் கேட்க எனக்குப் பிடித்திருக்கிறது. கேட்டுவிட்டு வைத்த பிறகு சோறு போட்டுக்கொள்ளப் பிடிக்கவில்லை. இரண்டும் உண்மை.

அப்படிப் பேசிக்கொண்டிருந்தபோதுதான் நீ, "அப்பா, அம்மாவோட மெஷின அனுப்பிடுங்க, இங்க கையால தச்சு மாளல" என்றாய். பின்னாலிருந்து உன் அம்மா, "பெல்ட்டு பிஞ்சு கெடக்கும், பாத்து எடுக்கச் சொல்லு" என்றது கேட்டது. அவ்வளவுதான். அவள் போனுக்குப் பக்கத்தில் வரவில்லை.

முந்தாநாள் அதைக் கட்ட உட்கார்ந்தேன். தலைப்பகுதியைக் கழற்றி எண்ணெய் துடைத்தேன். பெல்ட் உண்மையிலேயே அறுந்துதான் கிடந்தது. அடிபடாமல் மெத்தென்று சுற்ற வீட்டில் வேறு துணி இல்லாததால் கூடத்து ஜன்னல் திரைகளைக் கழற்றிச் சுற்றினேன். திரை போனதும் தெரு அப்படியே வீட்டுக்குள் வந்துவிட்டது. எதிர்வீட்டு வாசலில் மல்லிகா நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னண்ணே, வீட்டக் காலி பண்றீங்களா? அண்ணிகிட்டயே போயிடுறீங்களா?"

"இல்ல மல்லிகா. மெஷின் மட்டும்தான் போவுது."

அவள் வெறும் ஜன்னலை ஒரு தடவை பார்த்தாள். பிறகு, "மெஷின் போயிட்டா அண்ணி எங்கண்ணே வரப்போறாங்க?" என்றாள். சொன்னது தப்போ என்று நினைத்தாளோ என்னவோ, "அடுப்புல பால வச்சுட்டு வந்துட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள். சாயங்காலம் ஒரு கிண்ணம் குழம்பு கொண்டுவந்து வைத்தாள்.

நான் கட்டிய முடிச்சை அவிழ்க்கவும் இல்லை, மேலே கட்டவும் இல்லை. சுற்றிய திரையோடு அது அப்படியே நிற்கிறது. ஜன்னல் வெறுமையாக இருக்கிறது. போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நான் சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டு போகிறார்கள்.

செய்தியாளன் வேலையில் ஒரு பழக்கம் உண்டு. சம்பந்தப்பட்டவர் வாயால் சொன்னதைத்தான் அவர் சொன்னதாக எழுத வேண்டும். பின்னாலிருந்து கேட்ட குரலை வைத்து எழுதக் கூடாது. உன் அம்மா மெஷினை அனுப்பச் சொன்னாளா? பெல்ட்டைப் பார்த்து எடுக்கச் சொன்னாள். இனிமேல் அங்கேதான் என்று முடிவு செய்துவிட்டாளா, அல்லது நீ கேட்டதற்கு மறுப்புச் சொல்லத் தெரியாமல் பெல்ட்டைப் பற்றிப் பேசினாளா? எனக்குத் தெரியாது. உனக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். போனில் கேட்டால், உங்கள் எல்லோருக்கும் நடுவில், பாப்பாவை மடியில் வைத்துக்கொண்டு, உங்களுக்கு எது சௌகரியமோ அதைத்தான் சொல்வாள். நான் பக்கத்தில் இருந்தால் எனக்கு எது சௌகரியமோ அதைச் சொல்லிவிடுவாளோ என்ற பயமும் எனக்கு உண்டு. அதனால் உடனே கேட்கமாட்டேன்.

பள்ளி திறக்கட்டும். பாப்பா சீருடையில் கிளம்புவதை அவள் கண்ணால் பார்க்கட்டும், அதை நான் கெடுக்கமாட்டேன். அதற்கடுத்த வாரம் அவளை இங்கே அனுப்பு. பத்து நாள். ஒரு நாள் நாங்கள் தரங்கம்பாடி போய்வருவோம், அதைப் பற்றி இப்போதே அவளிடம் சொல்லாதே. மற்ற நாட்களில் அவள் வீட்டில் அவள் இருக்கட்டும். தூசி தட்டட்டும், என்னைத் திட்டட்டும், மல்லிகாவோடு பேசட்டும். கிளம்பும் அன்று இந்த மெஷினுக்கு முன்னால் நின்று "அனுப்பிடுங்க" என்று அவள் சொன்னால் நானே தஞ்சாவூர் வரை கொண்டுபோய்ப் போடுவேன், புது பெல்ட்டும் வாங்கிக் கட்டிவிடுவேன். ஒரு வார்த்தை வருத்தமாகச் சொல்லமாட்டேன். இருக்கட்டும் என்று சொன்னால் திரையை ஜன்னலில் மாட்டிவிடுவேன்.

அந்தப் பத்து நாளும் மதியம் பாப்பாவைப் பள்ளியிலிருந்து யார் கூட்டிவருவது, யார் சோறு ஊட்டுவது என்று நீ யோசிப்பாய். மருமகளைக் கேட்காதே, அவளுக்குப் புது வேலை, விடுப்பு கிடைக்காது என்று நீயே சொன்னாய்.

நீ லீவு போடு.

அப்பா